ஓடும் பேருந்தை ஏன் உடைக்கிறார்கள்?

அமெரிக்காவில் ஒரு பள்ளி மாவட்டம் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்பு) மத்திய அரசின் தூய காற்று மானியத்தில் மின்சாரப் பேருந்து வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். புது வண்டி வந்ததோடு வேலை முடிவதில்லை. பழைய டீசல் பேருந்தின் எஞ்சின் பிளாக்கில் 3 அங்குலத்துக்கு ஓட்டை போட வேண்டும். சேஸிஸின் இரண்டு நீளச் சட்டங்களையும் குறுக்கே அறுத்துத் துண்டாக்க வேண்டும். இதையெல்லாம் படம் எடுத்து, வண்டியின் அடையாள எண்ணோடு ஒப்படைத்தால்தான் மானியக் கணக்கை முடிக்க முடியும்.

அந்த வண்டி பழுதானதல்ல. பிள்ளைகளைத் தவறாமல் பள்ளிக்கு ஏற்றிச் சென்றுகொண்டிருந்த வண்டிதான். ஓடாத வண்டியை உடைப்பதால் காற்றுக்கு ஒரு நன்மையும் இல்லை என்பதால், ஓடும் வண்டியைத்தான் கொடுக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

எல்லை தாண்டும் புகை

அமெரிக்காவில் ஏறத்தாழ 5 லட்சம் பள்ளிப் பேருந்துகள் ஓடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை டீசல் வண்டிகள். வழக்கமாக, வயதான பேருந்துகளை உள்ளாட்சிகள் ஏலம் விடும். அவற்றில் பல மெக்சிகோவைக் கடந்து மத்திய அமெரிக்க நாடுகளுக்குப் போய்ச் சேரும். குவாத்தமாலாவில் அந்த மஞ்சள் வண்டிகளுக்குக் கண்ணைப் பறிக்கும் வண்ணம் பூசி, வண்டிக்கொரு பெயர் எழுதி, ஊர்ப் பேருந்தாக ஓட்டுகிறார்கள். ஏழை மக்களுக்குப் போக்குவரத்து கிடைக்கிறது. கூடவே புகையும் கிடைக்கிறது.

பேருந்துகள் மட்டுமல்ல. 2015 முதல் 2018 வரை உலகெங்கும் 1.4 கோடி பழைய கார்களும் வேன்களும் ஏற்றுமதியாயின என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2020இல் வெளியிட்ட அறிக்கை. அவற்றில் 80 சதவீதம் வருமானம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்குப் போயின. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இலேயே உறுதிபடச் சொல்லிவிட்டது. ஓர் ஊரின் காற்றைச் சுத்தம் செய்கிறோம் என்று சொல்லி அந்தப் புகையை இன்னொரு ஊர்க் குழந்தையின் மூச்சுக்கு அனுப்பிவைப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? எஞ்சினில் விழும் ஓட்டை அதைத் தடுக்கத்தான்.

எதை உடைப்பது, எதை விடுவது

2021இல் அமெரிக்கா நிறைவேற்றிய உள்கட்டமைப்புச் சட்டம், தூய பள்ளிப் பேருந்துத் திட்டத்துக்கு 5 ஆண்டுகளில் 500 கோடி டாலர் ஒதுக்கியது. அந்தத் திட்ட விதிகளின்படி, 2010ஆம் ஆண்டு மாடலோ அதற்கு முந்தையதோ ஆன டீசல் பேருந்தை மாற்றினால், பழையதை உடைத்தே ஆக வேண்டும். கனரக எஞ்சின்களுக்கான கடுமையான மாசுக் கட்டுப்பாடுகள் 2007 முதல் 2010 வரை படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. அதற்குப் பிறகு வந்த எஞ்சின்கள் கக்கும் நுண்துகள் மிகவும் குறைவு. அதனால்தான் புதிய மாடல்களை மாற்றும்போது, சில நிபந்தனைகளோடு, விற்கவோ நன்கொடையாகத் தரவோ அனுமதி உண்டு.

மாசு அளவை மறைத்த மோசடிக்காக ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் அமெரிக்காவில் 2016 முதல் கட்ட நேர்ந்த நிதியிலிருந்து நகராட்சிகள் லாரியும் பேருந்தும் வாங்கியபோதும் இதே விதிதான்: எஞ்சினில் 3 அங்குல ஓட்டை, அறுபட்ட சேஸிஸ்.

உடைப்பது என்றால் எல்லாவற்றையும் வீணாக்குவது அல்ல. டீசல் புகையைக் குறைக்கும் அமெரிக்க மானியத் திட்டத்தின் விதிகளின்படி இருக்கை, டயர் போன்றவற்றைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம். எஞ்சினும் சேஸிஸும் மட்டும் மறுபடி சாலைக்கு வரக்கூடாது. இரும்பு உருக்காலைக்குப் போகும்.

தேவை வந்தால் விதி வளையவும் செய்யும். லண்டன் மாநகரம் தன் குறைமாசு மண்டலத்துக்காகப் பழைய வண்டிகளை ஒழிக்க உதவித்தொகை கொடுத்தது. 2024 மார்ச் முதல், அந்த வண்டிகளை உடைக்காமல் போரில் தவிக்கும் உக்ரைனுக்கு நன்கொடையாகத் தரவும் வழி செய்தது. உயிர் காக்கும் அவசரம் அங்கே இருந்தது. பழைய வண்டியைக் காசுக்கு விற்க விலக்குக் கேட்பதை அதோடு சேர்க்க முடியாது.

நம் ஊர்க் கணக்கு

இந்தியாவிலும் 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளுக்குப் பதிவு செல்லாது. மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி, அரசுப் போக்குவரத்துக் கழகம் எல்லாமே இதில் அடங்கும். ராணுவம், சட்டம் ஒழுங்கு, உள்நாட்டுப் பாதுகாப்புப் பணிகளுக்கான சிறப்பு வாகனங்களுக்கு மட்டும் விலக்கு. கழித்த வண்டிகளைப் பதிவுபெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைக்க வேண்டும். மையம் அதற்குச் சான்றிதழ் தர வேண்டும்.

விதி நல்ல விதி. ஆனால் அது காகிதத்தில் மட்டும் இருந்தால், வண்டி காயலான் கடை வழியாக வேறொரு தெருவுக்கு வந்துவிடும். அமெரிக்க முறையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஆதாரம் கேட்கும் பழக்கத்தை. உங்கள் நகராட்சியின் பழைய குப்பை லாரி எங்கே போனது, எந்த மையம் அதை உடைத்தது, சான்றிதழ் எங்கே? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதிக் கேளுங்கள். கேட்பதற்கு ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு.