பழைய சிறு டிராக்டர் வாங்குதல்

நெல், கரும்பு, மணிலா விளையும் விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளின் சிறு விவசாயிகளுக்குப் பழைய சிறு டிராக்டர் பெரும் முதலீடு.

சோதனை: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே இயக்கிப் பார்க்க வேண்டும், சூடான எஞ்சின் கோளாற்றை மறைக்கும். நீலப் புகை தொடர்ந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சினை நிறுத்தியதும் தூக்கிய ரோட்டவேட்டர் விரைவாக இறங்கினால் ஹைட்ராலிக்கில் கசிவு இருக்கலாம்.

பேரம்: டயர், கிளட்ச் மாற்றும் செலவை மெக்கானிக்கிடம் கேட்டு, அதை விலையில் குறைக்கக் கோரலாம்.

ஆவணங்கள்: பதிவுச் சான்றிலுள்ள சேசிஸ், எஞ்சின் எண்கள் வண்டியோடு பொருந்த வேண்டும். கடன் நிலுவையிருந்தால் கடன் கொடுத்த நிறுவனம் வண்டியைப் பறிமுதல் செய்யக்கூடும். எனவே படிவம் 35, தடையில்லாச் சான்று இரண்டையும் பார்த்த பின்பே முழுத்தொகை தர வேண்டும். பெயர் மாற்றத்திற்குப் படிவம் 29, 30 தேவை. வாங்கியவர் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.