டர்போ மாட்டிய பிறகுதான் வேலையே

சக்கரங்களின் கதை – 17

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் மணக்கும் கிட்டங்கிகளைத் தாண்டித் தெற்கே தோப்பும்படிக்கு வந்தால் காற்றின் வாசனையே மாறிவிடும். மீன், டீசல், கிரீஸ். துறைமுகத்தில் வந்து நிற்கும் விசைப்படகுகளுக்குள் பெரிய டீசல் எஞ்சின்கள் இருக்கும். அவற்றில் பலவற்றின் பக்கவாட்டில் நத்தை ஓடு மாதிரி ஒரு வார்ப்பிரும்புக் கூடு. அதுதான் டர்போசார்ஜர்.

படகு எஞ்சினில் கை பழகியவர்களுக்கு டர்போ அதிசயப் பொருள் இல்லை. கம்ப்ரஸர் சக்கரத்தின் நுனியை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பார்கள். லேசாக ஆடினால் சரி. எண்ணெய்ப் படலத்தின் மேல் சுழலும் பேரிங்குக்கு அந்த இடைவெளி வேண்டும். பிறகு தண்டை முன்னும் பின்னும் இழுத்துப் பார்ப்பார்கள். நீளவாக்கில் ஆட்டம் தெரிந்தால் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இறக்கை கூட்டில் உரசிய தடம் இருந்தால் மேலே பேச்சே கிடையாது, ஓரங்கட்ட வேண்டியதுதான்.

இதே டர்போவை மோட்டார் சைக்கிளில் மாட்டினால் என்ன? கொச்சியிலிருந்து சென்னை புதுப்பேட்டை வரை பட்டறை வாசலில் நிற்கும் இளைஞர்களுக்கு வரும் ஆசைதான் இது. மாட்டுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. நல்ல வெல்டர் ஒருவரும் லேத் ஒன்றும் இருந்தால் போதும். அப்படிக் கட்டிய வண்டியை உடையாமல் ஓட வைப்பதுதான் பெரிய காரியம். படகு எஞ்சின் கடலில் மணிக்கணக்காக ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடும். பைக் எஞ்சினோ ஐட்லிங்கிலிருந்து 7,000 சுற்றுக்கு ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். அந்த ஒவ்வொரு நிலைக்கும் எவ்வளவு பெட்ரோல், எப்போது ஸ்பார்க் என்று தனித்தனியே சொல்லிக்கொடுக்க வேண்டும். ட்யூனிங் என்பது அதுதான்.

புகையோடு வீணாகும் சக்தியைக் கொண்டே காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கலாம் என்று சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி காப்புரிமை பெற்றது 1905-இல். கப்பல், விமானம், லாரி என்று சுற்றிவந்து அது மோட்டார் சைக்கிளைத் தொட எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1978-இல் அமெரிக்காவில் கவாசாகி ஷோரூம்களில் இசட்1ஆர்-டிசி விற்பனைக்கு வந்தது. அதைக் கவாசாகி தொழிற்சாலை கட்டவில்லை. டர்போ சைக்கிள் கார்ப்பரேஷன் என்ற தனி நிறுவனம் சாதாரண இசட்1ஆர் வண்டிகளை வாங்கி, கடையில் கிடைக்கும் டர்போ கிட்டை மாட்டி விற்றது. எஞ்சினுக்கு உள்ளே பெரிதாக எதையும் தொடவில்லை. வாரண்டி கிடையாது. எஞ்சின் வெடித்தால் பொறுப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். ஒரு பட்டறை வண்டி ஷோரூமுக்கு வந்த கதை என்றே இதைச் சொல்லலாம்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1982-இல், ஹோண்டா வேறு வழியில் போனது. சிஎக்ஸ்500 டர்போ 497 சிசி வி-ட்வின் வண்டி. சாதாரண சிஎக்ஸ்500-இல் 10-க்கு 1 என்று இருந்த கம்ப்ரஷன் விகிதத்தை 7.2-க்கு இறக்கினார்கள். கார்புரேட்டரைத் தூக்கிவிட்டு, கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனை வைத்தார்கள். கிடைத்தது 82 குதிரைத்திறன். யமஹா, சுசுகி, கவாசாகி மூன்றும் பின்னாலேயே வந்தன. ஆனால் த்ராட்டிலைத் திருகிய பிறகு சக்தி வந்து சேர ஆன தாமதம், கூடிய எடை, கூடிய விலை எல்லாம் சேர்ந்து, 1980-களின் நடுவிலேயே இந்த அலை ஓய்ந்துவிட்டது. ஹோண்டா அதை இன்னும் விடவில்லை. 2024 நவம்பரில் மிலான் கண்காட்சியில் மின்மோட்டாரால் சுழலும் கம்ப்ரஸர் பொருத்திய வி3 எஞ்சினைக் காட்டியது. புகைக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதே அதன் பயன்.

நம் ஊருக்கு வருவோம். இங்கே ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை ஒற்றை சிலிண்டர். டர்போவுக்கு அது ஒத்துவராத எஞ்சின். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் சிலிண்டர் புகையைத் தள்ளும்போதுதான் டர்போ வேகமாகச் சுழலும். அந்த நேரத்தில் காற்றை உள்ளே வாங்கும் வால்வு மூடியிருக்கும். வால்வு திறக்கும்போது டர்போவுக்குப் பின்னால் தள்ளும் புகை இல்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஏமஸ் விண்டரின் ஆய்வுக்குழு இதற்கு ஒரு விடை கண்டது. டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு பெரிய காற்று அறை. திணித்த காற்று அங்கே தங்கி, வால்வு திறக்கும்போது உள்ளே போகும். ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினில் சோதித்துப் பார்த்ததில் சக்தி கால்வாசிக்கும் மேல் கூடியது. விவசாயிகள் பயன்படுத்தும் சிறு டீசல் எஞ்சின்களுக்காக நடந்த ஆய்வு அது. ஆனால் ஒரு புல்லட்டில் அந்த அறையை எங்கே வைப்பது?

ஆகவே ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 போன்ற இரட்டை சிலிண்டர் வண்டிதான் நம்மூரில் பொருத்தமான அடிப்படை. 648 சிசி, 47 குதிரைத்திறன், கம்ப்ரஷன் 9.5. எந்த டர்போ பொருந்தும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. இந்த எஞ்சின் 7,150 சுற்றில் நிமிடத்துக்குச் சுமார் 2,300 லிட்டர் காற்றை இழுக்கும். பழைய மாருதி ஸ்விஃப்ட் டீசலின் 1,248 சிசி எஞ்சின் 4,000 சுற்றில் இழுப்பது ஏறக்குறைய 2,500 லிட்டர். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் ஸ்விஃப்ட் டர்போ, அளவில் இந்த பைக்குக்குப் பெரும்பாலும் சரியாக வரும். ஓர் எச்சரிக்கை: பெட்ரோல் எஞ்சினின் புகைச் சூடு டீசலைவிட அதிகம். டீசலுக்கென்று வார்த்த டர்பைன் கூடு நாளடைவில் வெடிப்பு விடலாம்.

இனி கொச்சியின் காற்று. மாலையில் 32 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் சுமார் மூன்றரை சதவீதம் வெறும் நீராவி. அந்த அளவுக்கு ஆக்சிஜன் குறைவு. இதை அரை பார், அதாவது சுமார் 7 பிஎஸ்ஐ கூடுதல் அழுத்தத்துக்கு டர்போ அழுத்துகிறது. அழுத்தினால் காற்று சூடாகும். சிறிய டர்போவின் திறன் 65 சதவீதம் என்று கொண்டால், கம்ப்ரஸரை விட்டு வெளியே வரும்போது காற்றின் வெப்பம் 90 டிகிரி. சூடான காற்று விரியும் என்பதால், அழுத்தம் ஒன்றரை மடங்கு ஆனாலும் காற்றின் நிறை கூடுவது 26 சதவீதம் மட்டுமே. நடுவில் ஒரு இன்டர்கூலரை வைத்து 50 டிகிரிக்குக் குளிரவைத்தால் அது 41 சதவீதத்துக்கு ஏறும். இன்டர்கூலரை அலங்காரம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

கூடிய காற்றுக்குத் தக்க பெட்ரோல் போயாக வேண்டும். வண்டியோடு வரும் ஈசியு, அதாவது பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், டர்போவை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல. அழுத்தத்தை அளக்கும் அதன் சென்சார் பொதுவாக வளிமண்டல அழுத்தத்தைத் தாண்டிப் படிக்காது. அதற்கு மேல் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. எனவே மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ போன்ற, சொந்தமாக எழுதிக்கொள்ளக்கூடிய ஈசியு தேவை. லேப்டாப்பைத் திறந்தால் கட்டம் கட்டமாக ஓர் அட்டவணை. ஒரு பக்கம் எஞ்சின் சுற்று, மறுபக்கம் அழுத்தம், ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். புகைக்குழாயில் பொருத்திய வைட்பேண்ட் சென்சார் சொல்வதைப் பார்த்து ஒவ்வொரு கட்டமாகத் திருத்த வேண்டும். முழு அழுத்தத்தில் லேம்டா, அதாவது தேவையான காற்றோடு ஒப்பிட்ட காற்றின் விகிதம், 0.8-ஐ ஒட்டி நின்றால் நிம்மதி. 0.9-ஐத் தாண்டினால் த்ராட்டிலை விட்டுவிட வேண்டும்.

இங்கே எத்தனால் குறுக்கிடுகிறது. 2025-இல் நாடெங்கும் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் என்ற நிலை வந்துவிட்டது. எத்தனால் இல்லாத பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று போதுமான அளவு; 20 சதவீதக் கலப்புக்கு அது சுமார் 13.5 தான். அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும். பழைய பெட்ரோலுக்கு எழுதிய அட்டவணையை அப்படியே வைத்து ஓட்டினால் எரிபொருள் போதாமல் வண்டி லீன் ஆகும். டர்போ வண்டியில் லீன் என்றால் பிஸ்டனுக்கு ஆபத்து. சரியாக ட்யூன் செய்துவிட்டால் இதே எத்தனால் துணையும் ஆகும். அது ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கிறது, நாக்கிங்கையும் தாங்குகிறது.

நாக்கிங்தான் டர்போ பைக்கின் முதல் எதிரி. ஸ்பார்க் கிளப்பிய தீ பரவி முடிவதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடிக்கும். பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும். அதைத் தவிர்க்க ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துவார்கள். ஒரு பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு ஒரு டிகிரி என்பது பட்டறை வழக்கு. தொடங்குவதற்கு அது நல்ல கணக்கு, முடிப்பதற்குப் போதாது. காதால் கேட்டுத்தான் உறுதி செய்ய வேண்டும். இதற்கு ட்யூனர்கள் செய்துகொள்ளும் கருவியில் எலக்ட்ரானிக்ஸே கிடையாது. ஒரு செப்புக் குழாயின் நுனியைத் தட்டையாக்கித் துளையிட்டு எஞ்சின் போல்ட்டில் முடுக்குவார்கள். மறுமுனையில் ரப்பர் குழாய், அது போய்ச் சேர்வது சத்தத்தை அடைக்கும் காதுமூடியில். சாதாரணமாக மந்தமான உறுமல் கேட்கும். நாக்கிங் வந்தால் அதன் நடுவில் சல்லிக்கல் தெறிப்பதுபோல் கூர்மையான சத்தம். ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார்.

கவனம் தப்பிப்போகும் இடம் ஒன்றுண்டு: டர்போவிலிருந்து எண்ணெய் வடியும் குழாய். பேரிங்கை விட்டு வெளியே வரும் எண்ணெய்க்கு அழுத்தம் இல்லை, தன் எடையால்தான் கீழே இறங்க வேண்டும். எண்ணெய்த் தொட்டியின் மட்டத்துக்கு மேலே டர்போ இருக்க வேண்டும், குழாய் தடிமனாகவும் மேடில்லாமலும் இருக்க வேண்டும். இடமில்லை என்று டர்போவைக் கீழே தொங்கவிட்டால் சீல் வழியே எண்ணெய் கசிந்து வெள்ளைப் புகை தள்ளும். பாவம், பழி டர்போ மேல் விழும்.

இப்படிக் கட்டிய வண்டியை எங்கே ஓட்டுவது? வல்லார்பாடம் கன்டெய்னர் ரோடு நேராக நீண்டு கிடக்கிறது, ஆசை வரத்தான் செய்யும். ஆனால் சட்டம் தெளிவாக இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2022 பிப்ரவரியில் ‘ஆபரேஷன் சைலன்ஸ்’ என்ற பெயரில் கேரள மோட்டார் வாகனத் துறை மாற்றிய சைலன்சர்களைத் தேடித் தேடிப் பிடித்தது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கவும் இடமுண்டு. சட்டத்தை விடுங்கள். 47 குதிரைத்திறனுக்கு வடிவமைத்த பிரேக்கையும் கிளட்ச்சையும் நம்பி 65 குதிரைத்திறனை மக்கள் நடமாடும் ரோட்டில் சோதிப்பது பிறர் உயிரோடு விளையாடுவது.

கொச்சியிலிருந்து ஏறக்குறைய 190 கிலோமீட்டரில், கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தய டிராக் இருக்கிறது. அங்கே போனதும் அட்டவணையை மறுபடி சரிபார்க்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் நாலைந்து சதவீதம் குறையும், ஈரமும் குறையும்.

மட்டாஞ்சேரியிலோ மதுரையிலோ பட்டறை மூலையில் டர்போ கட்டிக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். முதல் பணத்தைப் பளபளக்கும் பைப்புக்குச் செலவழிக்காதீர்கள், வைட்பேண்ட் சென்சார் வாங்குங்கள். டர்போவின் அழுத்தத்துக்கு வரம்பு கட்டும் வேஸ்ட்கேட்டைக் குறைந்த அழுத்தத்தில் வைத்துத் தொடங்குங்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் மினி லாரியில் ஏற்றி டிராக்குக்குக் கொண்டுபோங்கள்.

(தொடரும்)