'இல்லை' என்று சொன்னது யார்? தேடுபொறியும் கோயில் நுழைவும்

திருவண்ணாமலையில் நண்பர்கள் சிலர் சேர்ந்து செய்தி நறுக்குகள், துண்டறிக்கைகள், கூட்டப் பேச்சுகள் இவற்றையெல்லாம் தட்டச்சு செய்து கணினியில் ஏற்றி வைத்திருக்கிறோம். தேடுவதற்கு எலாஸ்டிக்சர்ச். டக் கட்டிங் எழுதிய லூசீன் என்ற நிரல் தொகுப்பின் மேல் கட்டப்பட்டு 2010இல் வெளிவந்த தேடுபொறி இது.

ஒருநாள் தோழர் ஒருவர் வந்து 'கோவில் நுழைவு' என்று அடித்துப் பார்த்தார். தண்டராம்பட்டுப் பக்கம் தென்முடியனூரில் 2023 ஜனவரி 30 அன்று தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனார்களே, அந்தச் செய்தி எங்களிடம் இருக்கிறது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத அய்யர் முன்னின்று நடத்தியது பற்றிய கட்டுரையும் இருக்கிறது. இரண்டுமே வரவில்லை. "ஒண்ணுமே இல்லைங்குது தோழர்" என்றார்.

இருப்பதை இல்லை என்று சொன்னது யார்? யோசித்துப் பார்த்தால், அமைப்பை எழுதிய நாங்கள்தான்.

தேடுபொறி பிரதியைப் படிப்பதில்லை. முன்கூட்டியே ஒரு சொல்லடைவைத் தயாரித்து வைத்துக்கொண்டு அதைத்தான் புரட்டுகிறது. பிரதியைச் சொற்களாக உடைத்து, எழுத்தைச் சீராக்கி, உருபுகளைக் கழித்து அடைவில் சேர்க்கும் பகுதியைப் பகுப்பான் என்போம். கேட்பவர் அடிக்கிற சொல்லும் ஒரு பகுப்பான் வழியாகத்தான் போகிறது. இரண்டு பக்கமும் ஒரே வடிவத்துக்கு வந்தால்தான் சந்திப்பு.

எங்கள் செய்தியில் இருந்தது 'கோயிலுக்குள் நுழைந்தனர்'. தோழர் அடித்ததோ 'கோவில்', 'நுழைவு'. நமக்கு ஒன்று, அதுக்கு நாலு. அடித்த சொற்கள் எல்லாமே இருந்தாக வேண்டும் என்று நிபந்தனை வேறு வைத்திருந்தோம். மதுரைக் கட்டுரையில் இருந்தது 'ஆலயப்பிரவேசம்', அதுவும் சேர்த்து எழுதப்பட்ட ஒரே சொல்லாக.

சரி, உருபை வெட்டிவிடலாமே என்று தோன்றும். 'இல்' என்று முடிந்தால் வெட்டு என்று மொட்டையாக விதி எழுதினால் 'கோயில்' என்பது 'கோய்' ஆகிவிடும். 'கோயிலுக்கு' என்பது 'கோயில்' என்று நின்றுவிடும். கோயிலும் கோயிலுக்கும் சந்திக்காது! வெட்டக்கூடாத சொற்களுக்குத் தனியாக ஒரு பாதுகாப்புப் பட்டியல் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு பட்டியல், தள்ளுசொற்களுடையது. 'ஒரு', 'அந்த', 'என்று' போல எங்கும் வருபவற்றை அடைவில் சேர்க்காமல் விடுவது வழக்கம். எங்கள் பட்டியலில் 'இல்லை'யும் இருந்தது. 'உள்ளே வர அனுமதி இல்லை' என்ற துண்டறிக்கை அடைவுக்குள் 'அனுமதி' என்று போய் உட்கார்ந்திருந்தது. மறுப்பை அழித்துவிட்டு அனுமதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் ஆவணக் காப்பகம்! அதிகாரம் செய்கிற வேலையை நாங்கள் ஒரு வரியில் செய்து முடித்திருந்தோம்.

ஒருபொருட் சொற்கள்தான் பெரிய சிக்கல். தலித், ஆதிதிராவிடர், அரிஜன் மூன்றையும் சமம் என்று எழுதி அடைவு தயாரிக்கும்போதே ஒரே சொல்லாக மாற்றிவிடலாம். தேடல் சுலபமாகும். ஆனால் யார், எந்த வருஷத்தில், எந்தப் பெயரால் அழைத்தார்கள் என்ற கேள்வியை அதன்பிறகு கேட்கவே முடியாது. 'பிரவேசம்' என்ற சொல்லாடலுக்கும் 'நுழைவுரிமை' என்ற சொல்லாடலுக்கும் நடுவே ஒரு போராட்டத்தின் வரலாறு கிடக்கிறது. ஒற்றைப்படுத்தினால் அது போச்சு.

ஆகவே இப்படிச் செய்தோம். மூலச்சொல் உள்ளபடியே ஒரு புலத்தில். உருபு கழித்த வடிவம் இன்னொரு புலத்தில். உள்ளபடி பொருந்துவதற்கு மதிப்பெண் கூடுதல். ஒருபொருட் பட்டியல் கேட்கும் நேரத்தில் மட்டும் வேலை செய்யும். பட்டியலைத் திருத்தினால் அடைவை மறுபடி கட்ட வேண்டியதில்லை. 'தலித்' என்று கேட்டால் பழைய சொற்கள் உள்ள பிரதிகளும் வரும். 'அரிஜன்' என்று கேட்டால் அந்தச் சொல் உள்ளவை மட்டுமே வரும். 'திருணாமலை' என்று பேச்சில் சொல்வதுபோல அடித்தாலும் திருவண்ணாமலை வரும். எந்தெந்தச் சொற்களைச் சேர்த்துத் தேடினோம் என்பதைத் திரையிலேயே காட்டுகிறோம், வேண்டாமென்றால் நீக்கிக்கொள்ளலாம். 'இல்லை'யைத் தள்ளுசொல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

காப்பகம் வைத்திருக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மூன்று பட்டியல்களையும் கணினி தெரிந்த ஒருவரிடம் விட்டுவிடாதீர்கள். அச்செடுத்துக் கூட்டத்தில் வையுங்கள். எந்தச் சொல் எந்தச் சொல்லுக்குச் சமம் என்று சண்டை வரும். வரட்டும்.