இயக்கியும் இசைப்பதிவும்

ஒலி தோன்றிய கணத்திலேயே மறையும் இயல்புடையது. எழுத்து ஏட்டில் நிற்கும். ஓவியம் சுவரில் நிற்கும். பாடுவோர் குரலோ காற்றில் எழுந்து காற்றிலேயே கலந்துவிடும். அக்குரலை நிறுத்தி வைத்து மீண்டும் கேட்கும் ஆற்றலை மனிதன் பெற்றது 1877ஆம் ஆண்டில், தோமஸ் அல்வா எடிசன் போனோகிராப் என்னும் கருவியை அமைத்தபோதாகும். மெழுகுருளை, இசைத்தட்டு, காந்த நாடா எனப் பல படிகளைக் கடந்து வந்த அக்கலை இன்று வீட்டுக் கணினியினுள் அமைந்துவிட்டது. முன்னர் ஒலிபரப்பு நிலையங்களில் மட்டுமே இயன்ற பணியை, ஒரு மடிக்கணினியும், ஓர் ஒலிவாங்கியும், அவ்விரண்டையும் இணைக்கும் 'ஓடியோ இன்டர்பேஸ்' என்னும் சிறு பெட்டியும் உடையார் எவரும் இன்று செய்தல் கூடும்.

சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களுக்கு இவ்வசதி பெரிதும் வேண்டற்பாலது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை முதலிய பகுதிகளின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் மலையகத் தமிழர் சிங்களக் கிராமங்களிடையே சிதறி வாழ்கின்றனர். காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய கூத்துக்களும், தாலாட்டும், ஒப்பாரியும் மலையக மக்களிடையே பெரும்பாலும் வாய்மொழியாகவே வழங்கி வந்தன. சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) அம்மக்களின் பாடல்களைத் தொகுத்துச் சொற்களைக் காத்தார். எனினும் மெட்டும், தப்பின் அடியும், முதியாள் ஒருத்தியின் குரலில் எழும் நடுக்கமும் ஏட்டில் அடங்கா. அவற்றைக் காக்க வல்லது ஒலிப்பதிவே.

பதிவு பழுதுபட்டால் மறுமுறை பாடச் சொல்லலாமே எனின், எண்பது வயதைக் கடந்தவர் அடுத்த மாசியிலும் பாடுவார் என்பதற்கு உறுதி இல்லை. ஆதலின் பழுதுக்குரிய காரணங்களை முன்னரே அறிந்து நீக்குதல் பதிவு செய்வோர் கடனாகும். அக்காரணங்களுள் அடிக்கடி நேர்வதும், எளிதிற் புலப்படாததும் இயக்கியின் குறையே.

'டிரைவர்' என ஆங்கிலத்தில் வழங்கும் இவ்வியக்கி யாது? பெயரை நோக்கி வாகனச் சாரதியை எண்ணுதல் பொருந்தாது; துபாஷியை எண்ணுதலே பொருத்தம். ஒலிக்கருவியின் மொழி வேறு. கணினியின் பணிசெயல் முறைமையின் மொழி வேறு. இரண்டுக்கும் இடைநின்று ஒன்றன் கூற்றை மற்றொன்றுக்கு உணர்த்தும் மென்பொருளே இயக்கி. துபாஷி தவறாக உரைப்பின், இருபாலாரும் நல்லவராயிருந்தும் காரியம் கெடும். அவ்வாறே ஒலிவாங்கியும் செம்மை, கணினியும் செம்மை; ஆயினும் பதிவு மட்டும் பழுதாதல் உண்டு.

விண்டோஸ் முறைமையில் ஒலி செல்லும் வழிகள் பல. எம்.எம்.இ. என்பது பழைய வழி, தாமதம் மிகுந்தது. விண்டோஸ் விஸ்டாவுடன் வந்த வசாப்பி அதனினும் விரைவானது. ஜெர்மனியின் ஸ்டைன்பேர்க் நிறுவனம் 1997இல் வகுத்த ஏசியோ, பணிசெயல் முறைமையின் ஒலிக்கலவையைக் கடவாமல் கருவியோடு நேரே உறவாடுவது. அப்பிள் கணினிகளில் கோர் ஓடியோவும், லினக்ஸ் முறைமையில் அல்சாவும் இத்தொழிலைச் செய்வன. பதிவு மென்பொருளில் எவ்வழி தெரிவு செய்யப்பட்டுள்ளது என்று காண்பதே ஆராய்ச்சியின் முதற்படி.

கணினி ஒலியை எண்களாகவே ஏற்கும். இறுவட்டுக்குரிய அளவில் ஒரு செக்கனுக்கு 44,100 முறை ஒலியலை அளக்கப்படும். காணொளிப் பணிகளில் 48,000 முறை அளத்தல் வழக்கு. இவ்வாறு பெற்ற மாதிரிகள் ஒவ்வொன்றாக அனுப்பப்படா. 'பஃபர்' என்னும் தேக்கத்தில் ஒரு தொகுதி நிரம்பிய பின்னரே மென்பொருளைச் சேரும். இறப்பர் மரத்திற் கட்டிய சிரட்டையை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். சிரட்டை சிறிதாயின் பால் விரைவிற் கைக்கு வரும். ஆனால் எடுப்பவர் அடிக்கடி வரவேண்டும். சிறிது பிந்தினும் பால் நிலத்தில் வழிந்து வீணாகும். சிரட்டை பெரிதாயின் வழிதல் இல்லை. ஆனால் பால் வந்து சேரக் காலம் செல்லும். ஒலிப்பதிவின் இரு பெருங் குறைகளும் இவ்வுவமையுள் அடங்கும்.

முதலாவது, இடையிடையே 'டிக்' என்ற வெடிப்பொலியும் அறுபடுதலும். தேக்கம் சிறிதாயிருக்கையில் கணினி பிந்துவதால் இது நேரும். தேக்கத்தை 128 மாதிரிகளிலிருந்து 256, 512 எனப் படிப்படியாகப் பெருக்குதல் வேண்டும். வைஃபையை நிறுத்துதல், பிற மென்பொருள்களை மூடுதல், மின்சிக்கன அமைப்பை விலக்குதல், இணைப்புப் பெட்டியைத் தவிர்த்துக் கணினியின் யூ.எஸ்.பி. துளையிலேயே கருவியைப் பொருத்துதல் ஆகியவும் பயன்தரும்.

இரண்டாவது, பாடியது காதிற்குப் பிந்தி வருதல். 44,100 என்ற வீதத்தில் 1024 மாதிரிகள் ஏறத்தாழ 23 மில்லிசெக்கன் ஆகும். உட்செல்லவும் வெளிவரவும் இருமுறை தங்குவதால் தாமதம் 46 மில்லிசெக்கனுக்கு மேற்படும். ஒலி அக்காலத்தில் ஏறத்தாழ 16 மீற்றர் செல்லும். ஆதலின், அத்துணைத் தொலைவில் தப்படிப்பவரோடு சேர்ந்து பாடுவதை அது ஒக்கும். தாளம் தளர்வதற்கு வேறு காரணம் வேண்டுவதில்லை. தேக்கத்தைக் குறைத்தலும், கருவியிலிருந்தே ஒலியை நேராகக் கேட்டலும் இதற்கு மருந்து. புளுடூத் ஹெட்போன் தானே பெருந் தாமதம் உடையது, அதனை விலக்குக.

மூன்றாவது, குரல் தடித்தும் பாட்டு மந்தமாகவும் கேட்டல். 48,000 வீதத்தில் வந்த மாதிரிகளை மென்பொருள் 44,100 எனக் கொண்டால், சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் தாழும். ஒரு மணிநேரக் கூத்து 65 நிமிடம் 18 செக்கனாக நீளும். பாடினோர் மேற் குற்றமில்லை. கருவியிலும், விண்டோஸிலும், மென்பொருளிலும் வீதம் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்பதே விதி. இவ்வாறு கெட்ட பதிவை அழித்தலாகாது. உரிய வீதத்தைக் குறித்த அளவில் அது மீளும்.

நான்காவது, முழு மௌனம். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் ஒலிவாங்கியைப் பயன்படுத்த மென்பொருள்களுக்கு இசைவளிக்கும் அமைப்பு தனியே உண்டு. அது மூடப்பட்டிருப்பின் ஒலி புகாது. வேறொரு மென்பொருள் கருவியைத் தனக்கே உரிமையாகப் பற்றியிருத்தலும் காரணமாகலாம். ஒலி வந்தும் தப்பின் அதிர்வு அடங்கிக் கேட்குமாயின், பேச்சுக்கென அமைந்த இரைச்சல் நீக்கும் வசதி அதனை இரைச்சலெனக் கருதிக் களைந்திருத்தல் கூடும், அதனை நிறுத்துக.

எல்லாக் குறையும் இயக்கியினது என்றலும் தவறு. இடைவிடாத தாழ்ந்த இரைச்சல் 50 ஹேட்ஸ் மின்னோட்டத்தால் வருவதாகலாம். மின்வடத்தைக் கழற்றி மின்கலத்தில் இயக்க அது நீங்குமாயின், இயக்கியைப் பழித்தல் வீண். இடி மின்னல் மிகுந்த இரத்தினபுரிப் பகுதியில் அவ்வாறு கழற்றி வைத்தல் கருவிக்கும் காவலாகும்.

இவற்றை ஆராயுங்கால் முறையொன்று போற்றற்பாலது. ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுக. மாற்றியதைக் குறித்து வைக்க. உடனே பதிந்து கேட்க. பலவற்றை ஒருங்கே மாற்றுவோர் குறை நீங்கினும் காரணம் அறியார். அக்குறை மீளுங்கால் மறுபடியும் இருளிலேயே தடவுவர். இயக்கியைக் கருவி செய்தோரின் தளத்திலிருந்தே பெறுதலும், முறைமை புதுப்பிக்கப்பட்ட பின் அதனை மறுபடி சோதித்தலும் வேண்டும். ஆயினும் கூத்து நிகழும் நாளில் எதனையும் புதுப்பித்தலாகாது. முந்திய நாளிலேயே பத்து நிமிடம் பதிந்து கேட்டுவிடுதல் நன்று. பதிவின்போது கையடக்கத் தொலைபேசி ஒன்றையும் துணையாக இயங்க விடுதல் அதனினும் நன்று.

2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலக முயற்சி, ஈழத்து நூல்களோடு ஒலி ஆவணங்களையும் பேணி வருகின்றது. செம்மையாகப் பதிந்த பாட்டுக்குப் போய்ச் சேர இடம் உண்டு. பாடுவோரும் தோட்டங்களில் இன்னும் உளர். இடைநிற்கும் இயக்கியைச் செப்பஞ் செய்தலே இளைஞர் கையில் உள்ள பணி. அதனைப் பாடுவோர் வந்து அமருமுன் செய்து முடிப்பாராக.