பழைய காருக்கு எந்த மோட்டார், எந்த கன்ட்ரோலர்?

வள்ளல் அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்தில், 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்டது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், 'சிக்ரி'. லித்தியம் பேட்டரி ஆய்வு அங்கே முக்கியமான துறை. பேட்டரி தரும் ஆற்றலைச் சக்கரத்தில் சேர்ப்பவை மோட்டாரும் கன்ட்ரோலரும். பெட்ரோல் காரை மின்சாரக் காராக மாற்றும்போது இவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் எடையைப் பாருங்கள். 1,100 கிலோ கார் சமதளத்தில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓட, டயர் உராய்வையும் காற்றுத் தடையையும் வெல்ல ஏறத்தாழ 5 கிலோவாட் போதும். பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் 30 கி.மீ. வேகத்தில் ஏறவோ, 10 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். எனவே, தொடர்ந்து 15 கிலோவாட் தரும் மோட்டார் பொருந்தும். உச்சத் திறனை நம்பி வாங்காதீர்கள். அது சிறிது நேரத்துக்கே கிடைக்கும், மோட்டார் சூடானால் குறைந்துவிடும்.

கன்ட்ரோலர், பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி, மூன்று ஃபேஸ் மாறுமின்னோட்டமாக்குகிறது. 15 கிலோவாட்டுக்கு 72 வோல்ட்டில் சுமார் 208 ஆம்பியர் பாயும். 144 வோல்ட்டில் 104 போதும். மின்னோட்டம் பாதியானால், அதே கேபிளில் சூடு கால்பங்காகும். செட்டிநாட்டு வெயிலில் இது பெரிய லாபம். ஆனால், வோல்ட் கூடக்கூட இன்சுலேஷனில் கவனமும் கூட வேண்டும்.

அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற, மோட்டாரும் கன்ட்ரோலரும் அடங்கிய மாற்றுக் கிட்டையே வாங்குங்கள், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவையும் மாற்றிக்கொள்ளுங்கள்.