வாகனம் நடுவழியில் நின்றால்: பாகத்தை மாற்றுமுன் காரணத்தைக் கண்டறிவோம்

நமது நாட்டில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வழி மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பின்னரும், வரியோடு சேர்த்த விலை சம்பளக்காரர்களுக்கு எட்டாத உயரத்திலேயே நிற்கிறது. ஆகவே பதினைந்து, இருபது வருடம் ஓடிய கார்களையும் வேன்களையும்தான் நம்மில் பலர் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அவை ஓடும்போதே நின்று, மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் போவது புதிய விடயமல்ல. அதற்குப் பின் நடப்பதுதான் கவலைக்குரியது. காரணம் என்னவென்று தெரியாமலேயே ஒன்றன்பின் ஒன்றாகப் பாகங்கள் மாற்றப்படுகின்றன.

நான் மெக்கானிக் அல்ல, ஆசிரியன். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித்தந்த ஒரு விதி இங்கும் பொருந்தும்: பரிகாரக் கற்பித்தலுக்கு முன் குறையறி சோதனை. ஒரு பிள்ளைக்குக் கழித்தல் வரவில்லை என்றால், பயிற்சியைக் கூட்டிக் கொடுப்பதால் பயனில்லை. கடன் வாங்கும் இடத்தில் பிழைக்கிறதா, இடப்பெறுமானமே விளங்கவில்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். என்ஜினும் அப்படித்தான்.

பெற்றோல் என்ஜின் ஓடுவதற்கு நான்கு விடயங்கள் தேவை: காற்று, எரிபொருள், உரிய நேரத்தில் தீப்பொறி, சிலிண்டருக்குள் அமுக்கம். என்ஜின் நின்றுவிட்டால் இந்த நான்கில் ஒன்று இல்லாமல் போயிருக்கிறது. எது என்பதே கேள்வி.

அதற்கு முன் உயிரைப் பார்க்க வேண்டும். என்ஜின் நின்றதும் ஸ்டியரிங் கனக்கும். பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் ஓரிரு தடவை அழுத்துவதற்கு மட்டுமே மிஞ்சியிருக்கும். பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே பிடியில் அழுத்தி ஓரம் கட்டுங்கள். வாகனம் உருளும்போது சாவியைக் கழற்றாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ரயில் கடவையில் நின்றுவிட்டால் காரணம் தேடும் வேலையே வேண்டாம். பிள்ளைகளையும் பெரியவர்களையும் முதலில் இறக்கித் தூரமாக்குங்கள்.

பாதுகாப்பான இடத்துக்கு வந்தபின் கேட்க வேண்டிய முதல் கேள்வி: சாவியைத் திருப்பும்போது என்ஜின் சுற்றுகிறதா, இல்லையா?

சுற்றவில்லை, “டிக்” என்ற சத்தம் மட்டும் வருகிறது, விளக்குகளும் மங்குகின்றன என்றால் பற்றரிப் பக்கம் பாருங்கள். முனைகளில் வெள்ளை, பச்சைப் பூஞ்சணம் போலப் படிந்திருக்கலாம், கவ்வி தளர்ந்திருக்கலாம். ஓடும்போதே பற்றரி அடையாள விளக்கு எரிந்து, பிறகு வாகனம் நின்றிருந்தால் அல்டனேட்டர் மின்னேற்றவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். அந்நிலையில் புதுப் பற்றரி போட்டாலும் சற்றுத் தூரத்தில் மறுபடி நிற்கும். சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இதைச் சொல்லிவிடும். என்ஜின் ஓடாதபோது நல்ல பற்றரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். ஓடும்போது பெரும்பாலும் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பற்றரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய பழக்கத்தை அனுமதிக்காதீர்கள். இன்றைய வாகனங்களின் கணினிப் பெட்டியை அது எரித்துவிடலாம்.

என்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை என்றால் எரிபொருளா, தீப்பொறியா என்று பிரிக்க வேண்டும். பல கார்களில் சாவியை “ஒன்” நிலைக்குத் திருப்பியதும் பின் ஆசனத்துக்கு அடியிலிருந்து ஓரிரு செக்கன் “ங்ங்” என்ற பம்ப் சத்தம் கேட்கும். எல்லாக் கார்களிலும் கேட்காது. உங்கள் கார் எந்த ரகம் என்று நல்ல நாளிலேயே கேட்டு வையுங்கள். வழமையாகக் கேட்கும் சத்தம் கேட்கவில்லை என்றால், பம்பை மாற்றுமுன் பியூஸையும் ரிலேயையும் பாருங்கள். அவற்றின் விலை பம்பின் விலைக்குப் பக்கத்திலும் வராது. தாங்கிக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பது பெற்றோல்தான் என்பதால், எப்போதும் அடிமட்டத்தில் ஓட்டுவது பம்பின் ஆயுளைக் குறைக்கும்.

இன்னொரு தடயம் சூடு. வாகனம் நன்றாகச் சூடான பின் நிற்கிறது, அரை மணித்தியாலம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது என்றால், கிராங்க் சென்சர், இக்னிஷன் கொயில், பம்ப் ஆகியவை முதல் சந்தேக நபர்கள். ஸ்டார்டர் சுற்றும்போது ஆர்.பி.எம். முள் சிறிதும் அசையவில்லை என்றால் பல கார்களில் அது கிராங்க் சென்சரைச் சுட்டும்.

எனது நண்பரான ஓர் ஆசிரியருக்கு நடந்தது இதுதான். கடுகண்ணாவை ஏற்றத்தில் இரண்டு முறை கார் நின்றது. கராஜில் முதலில் பம்ப், பிறகு பிளக், பிறகு கொயில் என்று மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் ஆறிய கார் ஸ்டார்ட் ஆனதால் “சரியாகிவிட்டது” என்று அனுப்பினார்கள். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போன பின், வேறொரு பாஸ் வாகனத்தைச் சூடாக்கி, நிற்கும்வரை காத்திருந்து சோதித்தார். கிராங்க் சென்சருக்குப் போகும் வயர் வெளியேற்றக் குழாயில் பட்டு உருகியிருந்தது. சரிசெய்ய ஒரு துண்டு வயர் போதுமாயிருந்தது.

ஸ்கேனர் காட்டும் குறியீட்டையும் இப்படித்தான் வாசிக்க வேண்டும். “பி 0335” என்பது கிராங்க் சென்சரின் மின்சுற்றில் கோளாறு என்று மட்டுமே சொல்கிறது. சென்சர் பழுது என்று சொல்லவில்லை. வயரும் பிளக்குமுனையும் அந்தச் சுற்றில்தான் இருக்கின்றன.

சில நிலைகளில் மறுபடி ஸ்டார்ட் செய்ய முயலவே கூடாது. வெள்ள நீரில் நின்ற என்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால், ஒரு முயற்சியே உள்ளிருக்கும் தண்டை வளைத்துவிடும். மழைக்காலத்தில் கிழக்கில் இருப்போர் இதை மறக்கலாகாது. ஸ்டார்டர் வழமையை விட வேகமாக, பாரமே இல்லாமல் சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம், அப்போதும் நிறுத்திவிடுங்கள். வெப்பமுள் சிவப்பில் இருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். ஹைப்ரிட் வாகனமாயின் செம்மஞ்சள் நிற வயர்களில் கைவைக்க வேண்டாம்.

கராஜுக்குப் போகும்போது “பம்பை மாற்றுங்கள்” என்று சொல்லிக் கொடுக்காமல், நடந்ததைச் சொல்லுங்கள். சூடாக இருந்ததா, எந்த விளக்கு எரிந்தது, துடித்து நின்றதா, சட்டென நின்றதா, எவ்வளவு நேரத்தில் மீண்டும் ஸ்டார்ட் ஆனது. இவற்றை அந்த இடத்திலேயே தொலைபேசியில் குறித்துக்கொள்ளலாம். பாகத்தை மாற்றுமுன் “எதைச் சோதித்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். திறமையான பாஸ் ஒருவர் இதற்குக் கோபிக்க மாட்டார். சோதித்துச் சொல்லும் நேரத்துக்கு அவர் கூலி கேட்டால் மனமுவந்து கொடுங்கள். தேவையில்லாத ஒரு பாகத்தின் விலையை விட அது நிச்சயம் குறைவாகத்தான் இருக்கும்.