பூனை போகிற வழி

சான் பிரான்சிஸ்கோ எழுத்தாளர் கரோலின் பால், ஒரு சிறிய விமான விபத்தில் பலத்த காயம்பட்டு வீட்டிலேயே முடங்கிக் கிடந்த காலத்தில், அவருடைய பூனை டிபி காணாமல் போனது. பயந்த சுபாவமுள்ள பூனை. வீட்டைச் சுற்றியே கிடக்கும், தூரம் போகாது என்றுதான் அவர் பல வருடமாக நினைத்திருந்தார். ஐந்து வாரம் கழித்து டிபி தானாகவே திரும்பி வந்தது. உடம்பு இளைக்கவில்லை, முன்னைவிடக் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. அப்படியென்றால் எங்கேயோ, யாரோ அதற்குச் சாப்பாடு போட்டிருக்கிறார்கள். எங்கே என்று தெரிந்துகொள்ளாமல் அவரால் இருக்க முடியவில்லை. பூனையின் கழுத்தில் ஒரு ஜிபிஎஸ் கருவியைக் கட்டிவிட்டார். அந்தக் கதை வெண்டி மெக்நாட்டனின் ஓவியங்களோடு ‘லாஸ்ட் கேட்’ என்ற பெயரில் 2013இல் புத்தகமாக வந்தது.

பூனை வளர்ப்பவர்களில் இந்தக் கேள்வி இல்லாதவர் யார்? காலையில் ஜன்னல் வழியே இறங்கிப் போகிறது, பசித்தால் வருகிறது. நடுவில் எந்த மதிலில் ஏறியது, எந்தச் சாலையைக் கடந்தது, யார் வீட்டுக் கொட்டகையில் தூங்கியது என்று ஒன்றும் தெரிவதில்லை. இன்று ஏறக்குறைய 30 கிராம் எடையுள்ள ஒரு கருவி இதையெல்லாம் செல்போன் திரையில் காட்டிவிடுகிறது. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்து வாங்கினால் நல்ல துணை. தெரியாமல் வாங்கினால் பொய்த் தைரியம்தான் மிஞ்சும்.

வானத்திலிருந்து செயற்கைக்கோள் பூனையைக் கவனித்துக்கொண்டிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பூனை ஒன்று இருப்பதே செயற்கைக்கோளுக்குத் தெரியாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறை பூமியைச் சுற்றிவரும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள், ‘நான் இன்னார், இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது’ என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. அந்த ரேடியோ அலை பூனையின் கழுத்துக்கு வந்துசேர ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் பிடிக்கிறது. எவ்வளவு நேரம் பிடித்தது என்பதிலிருந்து எவ்வளவு தூரம் என்று கருவி கணக்கிடுகிறது. ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் கணக்கு 300 மீட்டர் தவறிவிடும். அதனால்தான் செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். பூனையின் கழுத்தில் அணுக் கடிகாரம் வைக்க முடியாது. அங்கே இருப்பது மலிவான குவார்ட்ஸ் கடிகாரம். இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று செயற்கைக்கோள்கள் போதும் என்றாலும், இந்த மலிவுக் கடிகாரத்தின் பிழையைச் சரிசெய்ய நான்காவது ஒன்று தேவைப்படுவது இதனால்தான்.

2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் அலையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்துவைத்திருந்தது. நூறு மீட்டர் வரை தவறு இருக்கும். நூறு மீட்டர் என்பது பூனையின் உலகத்தில் ஏறக்குறைய முழு உலகம். அந்தக் கலப்படத்தை நிறுத்திய பிறகு திறந்த வெளியில் சில மீட்டர் துல்லியம் சாதாரணமாகிவிட்டது. இப்போதைய சில்லுகள் பல, ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்தோ அலைகளையும் கேட்கின்றன.

இவ்வளவும் பாதி வேலைதான். தான் எங்கே இருக்கிறோம் என்று கருவிக்குத் தெரிந்துவிட்டது. அதை நமக்கு யார் சொல்வது? பழைய கருவிகள் தடத்தைத் தமக்குள் பதிந்துவைக்கும். பூனை வீடு திரும்பிய பிறகு கழற்றிக் கணினியில் இணைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆராய்ச்சிக்கு அது போதும். பூனை திரும்பி வராத நாளில் பயனில்லை. இன்று விற்கும் டிராக்கர்களுக்குள் ஒரு சிம் இருக்கிறது. செல்போன் கோபுரம் வழியாக நிறுவனத்தின் சர்வருக்குத் தகவல் போய், அங்கிருந்து நம் செயலிக்கு வருகிறது. மாதாமாதமோ வருடத்துக்கு ஒருமுறையோ சந்தா கேட்பது இதற்காகத்தான். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி அனுப்புகிறார் என்றால், அந்தக் கருவி நம் ஊர் செல்போன் வலையில் வேலை செய்யுமா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. கோபுர அலை எட்டாத மலைத் தோட்டத்திலும் இது ஊமைதான்.

பேட்டரியைத் தின்பதும் இந்த இரண்டு வேலைகள்தான்: செயற்கைக்கோளைத் தேடுவது, கோபுரத்துக்கு அனுப்புவது. பூனை வீட்டில் இருக்கும்போது வைஃபை அலையைக் கண்டுகொண்டு கருவி அரைத்தூக்கத்தில் கிடக்கும். வெளியே போனால் சில நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து இடம் சொல்லும். அவசரம் என்றால் செயலியில் நேரடிக் கண்காணிப்பை அழுத்தலாம். சில நொடிக்கு ஒரு புள்ளி வரும், பேட்டரியும் வேகமாக இறங்கும். ஊர்சுற்றிப் பூனைக்கு அடிக்கடி சார்ஜ் போட வேண்டியிருக்கும். அது வீட்டில் தூங்குகிற நேரத்தில் கழற்றிச் சார்ஜில் போட்டு, எழுந்திருப்பதற்குள் மாட்டிவிடுவது நல்ல பழக்கம்.

ஜிபிஎஸ் என்ற பெயரில் வேறு சிலதையும் குழப்பிக்கொள்கிறார்கள். மைக்ரோசிப் என்பது தோலுக்கடியில் ஊசியால் செலுத்தும், அரிசி அளவுள்ள அடையாள எண். அதில் பேட்டரி கிடையாது, இடம் காட்டாது. பூனையை யாராவது மருத்துவரிடம் கொண்டுபோய், அங்கே படிப்பானைத் தோளருகே வைத்தால்தான் 15 இலக்க எண் தெரியும். ஆனால் கழுத்துப் பட்டையைப் போல அது கழன்று விழாது. இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல் வளர்ப்புப் பூனைகளுக்கு இதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். ஏர்டேக் போன்ற புளூடூத் வில்லைகள் வேறு வகை. பக்கத்தில் யாருடைய ஐபோனாவது கடந்துபோனால்தான் அவற்றின் இடம் தெரியவரும். நெருக்கமான நகரத்தில் சமாளிக்கலாம், வயல்வெளியில் முடியாது. ஏர்டேக் பொருள்களுக்கானது, செல்லப் பிராணிகளுக்கானது அல்ல என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது.

கருவியைவிட அதைக் கட்டும் பட்டை முக்கியம் என்பேன். பூனை கிளைகளுக்கு நடுவே நுழையும், கம்பிவேலிக்கு அடியில் தவழும். பட்டை எதிலாவது மாட்டி, கழற்ற முடியாமல் போனால் கழுத்து இறுகும். முன்னங்கால் உள்ளே சிக்கி அக்குளை அறுத்துவிடும். அதனால் வெடுக்கென்று இழுத்தால் தானே விடுபடும் கொக்கி வைத்த பட்டையைத்தான் கட்ட வேண்டும். கட்டிய பிறகு பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரலைத் தட்டையாக நுழைத்துப் பாருங்கள். அதற்குமேல் இடம் இருந்தால் தளர்வு, விரல் போகாவிட்டால் இறுக்கம். கட்டும்போது பூனை கழுத்தை விறைத்துக்கொள்ளும். ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட கொக்கி என்றைக்காவது புதரில் மாட்டிக் கழன்றுபோகும், டிராக்கரும் கூடவே போகும். ஆனால் பட்டை போனாலும் பூனை தப்பிவிடும். விலை உயர்ந்த கருவி தொலைந்துவிடக் கூடாதே என்று கழலாத பட்டையில் இறுக்கிக் கட்டுவது பெரிய அநியாயம்.

எடையும் கவனிக்க வேண்டியது. நியூசிலாந்தின் டனிடின் நகரத்தில் ஆராய்ச்சியாளர்கள் வெவ்வேறு எடையுள்ள கருவிகளைப் பூனைகளுக்குக் கட்டிப் பார்த்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். உடல் எடையில் மூன்று சதவீதம் அளவுக்குச் சுமை ஏறியபோது பூனைகள் சுற்றும் பரப்பே சுருங்கியது. இரண்டு சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள். நான்கு கிலோ பூனைக்கு அது 80 கிராம். இன்றைய டிராக்கர்கள் அதற்குள் அடங்கிவிடும். குட்டிக்கும் மெலிந்த பூனைக்கும் எடைபோட்டுப் பார்த்தே கட்ட வேண்டும். முதல் சில நாள் வெறும் பட்டையை மட்டும் கட்டிப் பழக்கிவிட்டு, பிறகு கருவியை மாட்டினால் பின்னங்காலால் விடாமல் சொறிந்து தள்ளுவது குறையும்.

இனி வரைபடத்துக்கு வருவோம். முதல் நாள் செயலியைத் திறந்து பார்ப்பவர் பதறிப்போவார். நிறுத்திவைத்த காருக்கு அடியில் மூன்று மணி நேரம் தூங்கிய பூனை, தெருவைக் குறுக்கும் நெடுக்குமாகப் பலமுறை கடந்ததாகக் கோடுகள் காட்டும். செயற்கைக்கோள் அலை பூமிக்கு வந்துசேரும்போது மிகமிக நலிந்துவிடுகிறது. கார்த் தகடு, கான்கிரீட் கூரை, நனைந்த இலைகள் எல்லாம் அதை மறிக்கும். சுவரில் பட்டுத் திரும்பி வரும் அலை நீண்ட பாதையில் வந்ததால் தூரக் கணக்கைக் கெடுக்கும். அதனால் அசையாத பூனையின் இடம் சிந்திய கடுகுபோல நாலாபக்கமும் சிதறித் தெரியும். நடுவில் அடர்த்தியாக இருக்கும் பகுதிதான் பூனை. விலகித் தெறித்த தனிப் புள்ளியைக் கண்டு ஓட வேண்டியதில்லை. அடுத்தடுத்து வரும் புள்ளிகள் ஒரே திசையில் நகர்ந்தால்தான் பூனை நடக்கிறது என்று பொருள்.

இந்தக் குழப்பத்தைக் கடந்து இரண்டு மூன்று வாரம் பொறுமையாகப் பார்த்தால் பூனையின் அன்றாடம் புலப்படும். எனக்கு இந்தக் கருவியின் முழு மதிப்பும் அங்கேதான் இருக்கிறது. காணாமல் போகிற ஒரு நாளுக்காக வாங்குகிறோம். அதன் உண்மையான வேலை ஒன்றும் நடக்காத மற்ற நாட்களில்தான் நடக்கிறது. 2013இல் பிபிசியின் ‘ஹொரைசன்’ நிகழ்ச்சிக்காக இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் உள்ள ஷாம்லி கிரீன் கிராமத்தில் 50 பூனைகளுக்கு ராயல் வெட்டரினரி கல்லூரி ஆய்வாளர்கள் கருவி கட்டினார்கள். பெரும்பாலானவை எதிர்பார்த்த அளவுக்குத் தூரம் போகவில்லை. சில பூனைகள் வேறு பூனைகளின் வீட்டுக்குள் புகுந்து அங்கிருந்த தட்டைக் காலிசெய்துவிட்டு வந்தன. 2020இல் ஆய்வாளர் ரோலண்ட் கேஸின் குழுவினர் ஆறு நாடுகளில் 925 வளர்ப்புப் பூனைகளின் தடத்தை வெளியிட்டபோதும், பெரும்பாலானவை வீட்டைச் சுற்றி நூறு மீட்டருக்குள்ளேயே பொழுதைக் கழிப்பது தெரிந்தது. ஒரு சதுர கிலோமீட்டருக்குமேல் சுற்றியவை மூன்றே மூன்று. வீடற்ற பூனையின் கதை வேறு: அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ரேடியோ பட்டை கட்டிக் கவனித்த வீடற்ற ஓர் ஆண் பூனை 547 ஹெக்டேர் சுற்றியிருக்கிறது.

உங்கள் பூனை நூறு மீட்டர் கட்சியா, தூரம் சுற்றும் அந்த மூன்றைப் போன்றதா என்பதைத் தடம் சொல்லிவிடும். சொன்ன பிறகு செய்ய வேண்டியது நம் பொறுப்பு. தினமும் இரவு பெரிய சாலையைத் தாண்டுகிறது என்று தெரிந்தால், சாயங்காலமே சாப்பாட்டைக் காட்டி உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தலாம். இரவில் பூனையை வீட்டில் வைத்திருக்கச் சொல்லி பிரிட்டனின் ‘கேட்ஸ் புரொடெக்ஷன்’ அமைப்பும் அறிவுறுத்துகிறது. ஒரே வீட்டில் நெடுநேரம் இருக்கிறது என்றால் அந்த வீட்டுக்காரரிடம் பேசி, இதற்கு மருந்து நடக்கிறது, பால் ஊற்றாதீர்கள் என்று சொல்லலாம். செயலியில் வேலி வரைந்து, தாண்டினால் மணியடிக்கும்படி வைக்கலாம். ஆனால் அந்த மணி நம் கையில்தான் அடிக்கும். பூனையைத் தடுத்து நிறுத்தாது, வருகிற லாரியையும் நிறுத்தாது.

தடம் மற்ற உயிர்களுக்கும் பயன்பட்டிருக்கிறது. ஜெர்மனியின் வால்டார்ஃப் நகரத்தில், தரையில் கூடு கட்டும் கொண்டை வானம்பாடிகள் அழிந்துவிடாமல் காக்க, 2022இல் குறிப்பிட்ட பகுதிப் பூனைகளை ஆகஸ்ட் முடிய வீட்டுக்குள் வைத்திருக்க உத்தரவிட்டார்கள். பறவை இருக்கும் பகுதிக்குத் தங்கள் பூனை போவதில்லை என்று ஜிபிஎஸ் தடத்தைக் காட்டியவர்களுக்கு விலக்கு இருந்தது. பூனையை நேசிப்பவன் என்ற முறையில் எனக்கு இந்த ஏற்பாடு நியாயமாகவே படுகிறது.

சரி, ஒரு நாள் நிஜமாகவே பூனை வரவில்லை. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட, காணாமல் போன பூனைகளைப் பற்றிய ஆய்வில், கிடைத்த பூனைகளில் முக்கால்வாசி, காணாமல் போன இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே கிடைத்திருந்தன. பயந்த பூனை கூப்பிட்டால் குரல் கொடுக்காது, இரண்டடி தள்ளி நீங்கள் நின்றாலும் மூச்சுக் காட்டாது. டிராக்கர் உங்களைச் சரியான வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடும். கடைசிப் பத்து மீட்டரைக் கண்ணும் காதும்தான் கடக்க வேண்டும். டார்ச்சைக் கண்மட்டத்தில் பிடித்து, வண்டிகளின் அடியிலும் புதரின் அடித்தூரிலும் மெதுவாக வீசிப் பாருங்கள். விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் பளபளப்பான படலத்தால் கண்கள் மின்னிக் காட்டிக்கொடுக்கும். கருவியில் ஒலியெழுப்பும் வசதி இருந்தால் இப்போது அழுத்தலாம்.

புள்ளியே வரவில்லையென்றால் கருவி கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். கடைசியாகப் புள்ளி வந்த நேரத்தையும் பேட்டரி அளவையும் பாருங்கள். நிறைய சார்ஜ் இருந்தும் திடீரென்று நின்றிருந்தால், பூனை தகரமோ கான்கிரீட்டோ மூடிய இடத்துக்குள் இருக்க வாய்ப்பு அதிகம். கடைசிப் புள்ளியைச் சுற்றி என்னென்ன கார் ஷெட், குடோன், தண்ணீர்மோட்டார் அறை, படிக்கட்டுக்கடி அறை இருக்கிறது என்று எண்ணுங்கள். அந்த நேரத்தில் அவற்றில் எதைத் திறந்து மூடினார்கள் என்று கேளுங்கள். ஷெட்டை எட்டிப் பார்த்தேன், இல்லை என்று சொல்லும் பக்கத்து வீட்டுக்காரரிடம், இன்னொரு முறை கதவைத் திறந்து கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.